குளூட்டன் நீங்கிய தட்டில் எஞ்சுவது

கோதுமை மாவில் நீர் ஊற்றிப் பிசையும்போது அதற்கு வரும் இழுவைக்கும் மீள்திறனுக்கும் காரணமான புரதத் தொகுதியே குளூட்டன் ஆகும். கோதுமை மணி தன் முளைக்கென்று சேமித்து வைக்கும் புரதங்களில் முதன்மையான கிளியாடின், குளூட்டெனின் ஆகிய இரண்டும் உலர்ந்த மாவில் தனித்தனியே கிடந்து, நீர் பட்டுப் பிசையப்பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து வலைப்பின்னலாகின்றன. பார்லியிலுள்ள ஹோர்டீன், ரை தானியத்திலுள்ள செக்காலின் ஆகிய உறவுப் புரதங்களும் மருத்துவ வழக்கில் குளூட்டன் என்ற பெயருக்குள்ளேயே வருகின்றன. அரிசி, சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, பருப்புகள், கிழங்குகள் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் யாகொப்போ பார்த்தலோமியோ பெக்காரி, கோதுமை மாவை நீரில் கழுவி, கரைந்து செல்லும் மாவுச்சத்தையும் கையில் தங்கும் ஒட்டும் பொருளையும் வேறுபடுத்திக் காட்டியது 1728-இல்.

அவர் செய்த அதே பிரிப்பு மைதா அல்வா கிளறும் வீடுகளில் இன்றும் நடக்கிறது. மைதாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்து, உருண்டை மூழ்கும் அளவு நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அந்த நீருக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கசக்கினால், மாவுச்சத்து வெண்பாலாக நீரில் இறங்கிவிட, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பழுப்பு நிறக் கட்டியொன்று கையில் மிஞ்சுகிறது. வேண்டாததென்று எறியப்படும் அந்தக் கட்டிதான் குளூட்டன். வடிகட்டித் தெளியவைத்த மாவுப்பாலே சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து அடுப்பில் ஏறுகிறது. குளூட்டனில் பெரும்பகுதி நீங்கிய அந்த அல்வாவில் எச்சம் இருக்கும் என்பதால் அது சீலியாக் நோயாளிக்குப் பாதுகாப்பானதும் அல்ல. எஞ்சியிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே என்பதால் நீரிழிவு உள்ளவருக்கு உகந்ததும் அல்ல. உணவிலிருந்து குளூட்டனை எடுத்துவிட்டால், அதன் பிறகு தட்டில் இருப்பது உடலை எவ்வாறு நடத்துகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

குளூட்டன் சிலருக்கு உண்மையான கேடு விளைவிக்கிறது என்பதில் ஐயமில்லை. எச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகைகளைக் கொண்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, முழுமையாகச் செரிக்காத குளூட்டன் துண்டுகளை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதிச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்குகிறது. இதுவே சீலியாக் நோய். உட்சுவரில் உள்ள விரல் வடிவக் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, இரும்பும் கால்சியமும் வைட்டமின்களும் உடலில் சேராமல் போகின்றன. இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கெ. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காத பஞ்சமும், அது தீர்ந்து ரொட்டி மீண்டு வந்ததும், அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்தை வலுப்படுத்தின. அவருடைய ஆய்வேடு 1950-இல் வெளிவந்தது. உலக மக்களில் ஏறத்தாழ 1% பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவர்களுக்குக் குளூட்டனை வாழ்நாள் முழுவதும் முற்றாக விலக்குவதே மருந்து. மைதா கலந்து செய்யப்படும் கட்டிப் பெருங்காயத்தின் ஒரு சிட்டிகைகூட அவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

இந்த நோய் இல்லாதவர்கள் குளூட்டனை விலக்கத் தொடங்கியது அண்மைக்காலப் போக்கு. அமெரிக்காவின் தேசிய உடல்நலம் மற்றும் ஊட்டச்சத்து ஆய்வின் தரவுகளின்படி, 2009-க்கும் 2014-க்கும் இடையில் சீலியாக் நோயின் அளவு ஏறக்குறைய மாறாமலிருக்க, அந்நோய் இல்லாமலே குளூட்டன் தவிர்ப்போரின் பங்கு 0.5 விழுக்காட்டிலிருந்து 1.7 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இடையில், 2011-இல், வில்லியம் டேவிஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் எழுதிய ‘வீட் பெல்லி’ என்ற நூல், தொப்பைக்கும் சர்க்கரை நோய்க்கும் கோதுமையே காரணம் என்று வாதிட்டுப் பெரும் எண்ணிக்கையில் விற்றது. வயிற்று உபாதைக்கான உணவுமுறையாக இருந்தது, அதன் பின்னர் எடை குறைப்புக்கும் இதய நலனுக்கும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் உரியதாக, அதாவது வளர்சிதை நலனுக்கான வழியாக, எடுத்துரைக்கப்படலாயிற்று.

வளர்சிதை நலம் என்பதை மருத்துவர்கள் ஐந்து அளவுகளால் மதிப்பிடுகின்றனர்: இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, எச்டிஎல் என்ற காக்கும் கொழுப்பு. ஆசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 மி.கி., ட்ரைகிளிசரைடு 150 மி.கி. என்பன போன்ற எல்லைகளில் மூன்றையேனும் ஒருவர் மீறியிருந்தால், அவருக்கு வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி உள்ளதாகக் கொள்வர். இந்த ஐந்துக்கும் அடியில் பெரும்பாலும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு, அதாவது தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்க மறுக்கும் நிலை. ஆகவே குளூட்டன் வளர்சிதை நலனைக் கெடுக்கிறது என்று சொல்வோர், அந்தப் புரதம் இன்சுலின் எதிர்ப்பையோ அதற்குக் காரணமான உடற்கொழுப்பையோ எப்படி மிகுவிக்கிறது என்று காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்கள் முற்றிலும் கற்பனையானவை அல்ல. குடற்சுவரின் செல்களுக்கிடையிலான இணைப்புகளைத் தளர்த்தும் சோனுலின் என்ற புரதத்தைக் கிளியாடின் தூண்டுகிறது என்பதை அலெசியோ ஃபசானோவின் குழு ஆய்வகத்தில் காட்டியுள்ளது. கோதுமையில் குளூட்டனோடு சேர்ந்தே இருக்கும் அமிலேஸ்-டிரிப்சின் தடுப்பிகள் என்ற வேறு புரதங்கள் நோயெதிர்ப்புச் செல்களின் ஓர் உணர்வியைத் தூண்டுவதை ஜெர்மனியின் டெட்லெஃப் ஷுப்பானின் குழு கண்டது. பிரேசிலில், கொழுப்பு மிகுந்த தீனி உண்ட எலிகளுக்கு 4.5% கோதுமைக் குளூட்டனைச் சேர்த்துக் கொடுத்தபோது, அது சேர்க்கப்படாத எலிகளைவிட அவற்றுக்கு எடையும் கொழுப்புத் திசுவின் அழற்சியும் கூடின. இவை கவனத்துக்குரியவையே. ஆயினும் கண்ணாடிக் குடுவையிலுள்ள செல்லுக்கும், தூய்மையாக்கிய பொருள்களைக் கலந்து கொழுப்பால் கனமாக்கிய தீனியை உண்ணும் எலிக்கும், பருப்பும் காய்கறியும் சேர்த்துச் சப்பாத்தி உண்ணும் மனிதருக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. அந்தத் தொலைவை மனித ஆய்வுகளால் மட்டுமே கடக்க முடியும்.

மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. மேற்சொன்ன அமெரிக்கத் தேசிய ஆய்வின் தரவில், சீலியாக் நோய் இல்லாமல் குளூட்டன் தவிர்த்தோரின் இடுப்பு சற்றுக் குறுகியும் எச்டிஎல் சற்று உயர்ந்தும் இருந்தன. ஆனால் வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறியின் பரவலிலும் பத்தாண்டு இதய நோய் அபாயக் கணிப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அந்தக் குறுகிய இடுப்புக்கும் குளூட்டனே காரணம் என்று கொள்ள இயலாது. உணவு விஷயத்தில் கவனம் செலுத்தி ஒரு பொருளை விலக்கும் அளவு உறுதி கொண்டவர்கள் உடற்பயிற்சியிலும் இனிப்பைத் தள்ளுவதிலும் அதே உறுதி காட்டுவது இயல்பு. கணக்கிடும்போது அவற்றின் பயனும் குளூட்டன் தவிர்ப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

நெடுங்கால ஆய்வுகள் இரண்டு இங்கே முக்கியமானவை. பெஞ்சமின் லெப்வோல் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 64,714 பெண்களையும் 45,303 ஆண்களையும், அதாவது அமெரிக்கச் செவிலியரும் பிற நலப்பணியாளருமான ஒரு பெருங்கூட்டத்தை, 1986 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. குளூட்டனை மிகுதியாக உண்டவருக்கும் மிகக் குறைவாக உண்டவருக்கும் இடையே மாரடைப்பின் அளவில் வேறுபாடு இல்லை. மாறாக, குளூட்டனை விலக்குவோர் அதனுடன் முழுத்தானியங்களையும் விலக்கிவிடுவதால், இதயத்துக்கு அவை தரும் பாதுகாப்பை இழக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, அதே குழுக்களையும் இளம் செவிலியரின் மற்றொரு குழுவையும் சேர்த்து, இரண்டாம் வகை நீரிழிவு வந்த 15,947 பேரைக் கணக்கில் எடுத்தது. குளூட்டன் உண்ணும் அளவின்படி மக்களை ஐந்து பகுதிகளாகப் பிரித்தபோது, மிகக் குறைவாக உண்ட பகுதியினரைவிட மிக அதிகம் உண்ட பகுதியினருக்கு நீரிழிவு வரும் அபாயம் 20% குறைவாக இருந்தது. தானிய நார்ச்சத்தின் பங்கைக் கணக்கில் கழித்த பிறகு அந்த வேறுபாடு 13% ஆகச் சுருங்கியது. இந்த எண்களை வைத்துக் குளூட்டன் நீரிழிவைத் தடுக்கிறது என்று முழங்குவதும் தவறே. குளூட்டன் வரும் வழியிலேயே தவிடும் நார்ச்சத்தும் மக்னீசியமும் வருகின்றன என்பதையும், குறைவாக உண்டோர் அவற்றையும் குறைவாகவே பெற்றனர் என்பதையும் அந்தச் சுருக்கமே காட்டிக்கொடுக்கிறது. எனினும், குளூட்டன் நீரிழிவை வளர்க்கிறது என்ற கூற்றுக்கு இத்தனை பெரிய தரவில் சிறு ஆதரவும் இல்லை என்பது அழுத்தமாகச் சொல்லத் தக்கது.

ஈரானில் வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி உள்ள ஐம்பது பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து எட்டு வாரம் நடத்திய ஆய்வில், குளூட்டன் இல்லா உணவு உண்டோரின் இடுப்பும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் குறைந்தன. இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரொட்டியே ஒவ்வொரு வேளையின் மையமாக இருக்கும் ஒரு நாட்டில், ரொட்டியை நிறுத்தச் சொன்னால் உண்ணும் மாவுச்சத்தின் மொத்த அளவும் நொறுக்குத் தீனியும் சேர்ந்தே குறையும். எந்த உணவுமுறையில் இருக்கிறோம் என்பதை உண்பவரும் அறிந்தே இருப்பார். இங்கே நன்மை கிடைத்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு உரிமையாளர் குளூட்டனின் இன்மைதானா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துவைக்காது.

குளூட்டனும் மாவுச்சத்தும் ஒன்றாயிருக்கையில் என்ன நடக்கிறது என்பதை நோக்கினால் கேள்வியின் மையம் தெளிவாகும். கோதுமை மணியில் மாவுச்சத்து நுண்ணிய குருணைகளாகப் புரதத்துக்குள் பதிந்து கிடக்கிறது. சிமெண்டுக்குள் இறுகிய ஜல்லியைப் போன்ற இந்த அமைப்பில், செரிமான நொதியான அமிலேஸ் மாவுச்சத்தை எட்டுவதற்கு முதலில் புரதச் சுவரைக் கடக்க வேண்டும். மினியாபோலிஸ் நகரில் மைக்கேல் லெவிட்டின் குழு 1981-இல் இதை ஓர் எளிய வழியில் அளந்தது. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகி மூச்சில் வெளியேறும்; ஆகவே மூச்சிலுள்ள ஹைட்ரஜனை அளந்தால் எவ்வளவு மாவுச்சத்து தப்பியது என்று கணக்கிடலாம். சாதாரண வெள்ளைக் கோதுமை ரொட்டி உண்ட நலமான மனிதர்களிடமே மாவுச்சத்தில் 10 முதல் 20% வரை செரிக்காமல் பெருங்குடலை அடைந்தது. குளூட்டன் குறைக்கப்பட்ட கோதுமை மாவிலும் அரிசி மாவிலும் செய்த ரொட்டியோ ஏறத்தாழ முழுவதுமாகச் செரித்து உறிஞ்சப்பட்டது. முழுவதும் செரிப்பது நல்லதெனத் தோன்றலாம். இரத்தச் சர்க்கரையை எண்ணிப் பார்த்தால் அது விரும்பத்தக்கதன்று. தப்பிச்செல்லும் மாவுச்சத்து இரத்தத்தில் சர்க்கரையாக ஏறுவதில்லை. பெருங்குடலின் நுண்ணுயிரிகளுக்கு உணவாகி, குடற்சுவரைப் பேணும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது.

கிளைசீமிக் குறியீடு என்ற அளவை உருவாக்கியவரான டொரோண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 1987-இல் இன்னும் ஓரடி சென்றார். ஓர் உணவு உண்டபின் இரத்தச் சர்க்கரை ஏறும் அளவைத் தூய குளுக்கோஸ் ஏற்றும் அளவோடு ஒப்பிட்டுச் சொல்வதே அந்தக் குறியீடு. குளூட்டன் நீக்கிய கோதுமை மாவில் செய்த ரொட்டி, சாதாரண ரொட்டியைவிட இரத்தச் சர்க்கரையை உயர்த்தியது. நீக்கிய குளூட்டனை மாவோடு மீண்டும் கலந்து ரொட்டி செய்தபோதோ, அந்த உயர்வு குறையவில்லை. இந்த இரண்டாம் முடிவே மிகவும் கற்பிக்கிறது: காப்பது குளூட்டன் என்ற பொருள் அன்று, மணிக்குள் புரதமும் மாவுச்சத்தும் இயற்கையாக இணைந்திருந்த கட்டமைப்பு. அதைக் குலைத்துவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் கட்டமைப்பு திரும்புவதில்லை. இறுகப் பிசைந்து உலர்த்தப்படும் பாஸ்தா அதே கோதுமையால் ஆனதாயினும், காற்றூட்டி உப்பவைக்கும் வெள்ளை ரொட்டியைவிடச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுவதும் இதே காரணத்தால்தான்.

கடைகளில் குளூட்டன் இல்லாதவை என்று அச்சிட்டு விற்கப்படும் ரொட்டி, பிஸ்கட், கேக் ஆகியவற்றை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குளூட்டனின் வலைப்பின்னல் இல்லாமல் ரொட்டி உப்பாது, நிற்காது. எனவே அரிசி மாவு, மரவள்ளிக் கிழங்கு மாவு, உருளைக்கிழங்கு மாவு ஆகியவற்றைச் சாந்தன் பசை, இசப்கோல் உமி முதலியவற்றால் ஒட்டவைத்து, உலர்ந்துபோகாமலிருக்க எண்ணெயோ வெண்ணெயோ கூட்டுகிறார்கள். இதன் விளைவாக இவற்றில் பெரும்பாலானவற்றில் புரதம் குறைந்தும், கொழுப்பு கூடியும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஊட்டம் சேர்த்தது என்று விற்கப்படும் தீட்டிய கோதுமை மாவில் 1998 முதல் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். குளூட்டன் இல்லாத மாவுகளில் பெரும்பாலானவற்றில் அது சேர்க்கப்படாததால், அவற்றுக்கு மாறுவோர் அந்த ஊட்டத்தையும் இழக்கின்றனர். விலையும் பலமடங்கு. உடல்நலத்தின் பெயரால் கூடுதல் பணம் கொடுத்துத் தரம் தாழ்ந்த உணவை வாங்கும் நிலைக்குச் சாதாரண குடும்பங்கள் தள்ளப்படுவது வேதனைக்குரியது. அரிசியே பல்வேறு உருவங்களில் மீண்டும் மீண்டும் வருவதால் இன்னொரு சிக்கலும் எழுகிறது: நீர் நிற்கும் வயலில் வளரும் நெல், மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை மற்றத் தானியங்களைவிட மிகுதியாக உறிஞ்சுகிறது, 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குளூட்டன் இல்லா உணவு உண்பதாகச் சொன்னவர்களின் சிறுநீரில் ஆர்செனிக் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அந்தக் குழுவில் 73 பேரே இருந்தனர் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆனால் ஒரே தானியத்தை எல்லா வேளையும் நம்புவது ஆபத்தானது என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

நெடுங்காலமாகப் பெரும்பாலும் குளூட்டன் இல்லாமலே உண்டு வரும் மக்கள் உலகில் பெருந்தொகையினராக உள்ளனர். இட்லி, தோசை, சோறு, இடியாப்பம், பொங்கல் என்று அன்றாடம் உண்ணும் தமிழக மக்களும் அவர்களுள் அடங்குவர். வேலூரின் பி. எஸ். ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தென்னிந்தியரின் சராசரிக் கோதுமை நுகர்வு நாளொன்றுக்கு 25 கிராம். வடக்கில் 455 கிராம். சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்புரதங்கள் இரத்தத்தில் இருந்தோரும் வடக்கில் 1.23 விழுக்காடாகவும் தெற்கில் 0.10 விழுக்காடாகவும் இருந்தனர். குளூட்டன் தவிர்ப்பே வளர்சிதை நலனைத் தருமாயின், நீரிழிவும் தெற்கில் அரிதாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில், நீரிழிவு மிகுந்த முதல் மூன்று இடங்களில் கோவா 26.4%, புதுச்சேரி 26.3%, கேரளம் 25.5% என நின்றன. மூன்றிலும் சோறே முதன்மை உணவு. இதைக் கொண்டு அரிசியைக் குற்றவாளியாக்கிக் கோதுமையை விடுவிப்பதும் அவசரம்: கோதுமை உண்ணும் சண்டிகரில் 20.4%, அதே கோதுமை உண்ணும் உத்தரப் பிரதேசத்தில் 4.8%. நகர வாழ்வு, வருவாய், உடல் உழைப்பு ஆகியவற்றின் பங்கு இந்த எண்களில் மிகப் பெரியது. ஆனாலும் குளூட்டன் இன்மை ஒரு கவசமாக நிற்கவில்லை என்பது இங்கே கண்கூடு.

சென்னையில் வி. மோகன் தலைமையிலான ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை இன்னும் நெருங்கி ஆராய்ந்துள்ளனர். நகரின் 1,843 பேரிடம் செய்த ஆய்வில், தீட்டிய தானியத்தை, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியை, மிக அதிகமாக உண்ட பகுதியினரிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவின் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவரைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. ஒரே காலத்தில் உணவையும் நோயையும் அளந்த ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே காரண-விளைவாகக் கொள்ள முடியாது. ஆனால் 21 நாடுகளில் 1,32,373 பேரை ஏறத்தாழ ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து, 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலும், நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்ட தெற்காசியருக்கு, 150 கிராமுக்குக் கீழ் உண்டவரைவிட நீரிழிவு அபாயம் 61% கூடுதலாக இருந்தது. பொன்னி அரிசியின் கிளைசீமிக் குறியீடு சென்னையில் அளக்கப்பட்டபோது 70-ஐத் தொட்டது. வெள்ளை ரொட்டியும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் நிற்கிறது. ஒன்றில் குளூட்டன் உண்டு, மற்றொன்றில் இல்லை. இரத்தச் சர்க்கரைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை.

அதே சென்னைக் குழு, எடை மிகுந்த சிலருக்கு ஐந்து நாள் வெள்ளை அரிசியும், வேறொரு ஐந்து நாள் தவிடு நீக்காத பழுப்பு அரிசியும், பிறகு பழுப்பு அரிசியுடன் பருப்பும் கொடுத்து, தோலின் கீழ் பொருத்திய கருவியால் இருபத்துநான்கு மணி நேரமும் சர்க்கரையை அளந்தது. பழுப்பு அரிசி நாள்களில் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 20% குறைந்தது; பருப்பும் சேர்ந்தபோது மேலும் சற்றுக் குறைந்தது. இந்த மூன்று உணவுகளிலுமே முதன்மைத் தானியம் குளூட்டன் இல்லாத அரிசிதான். மாற்றத்தை உண்டாக்கியவை தவிடும் பருப்புமே. குளூட்டனைச் சுற்றி நடக்கும் நீண்ட விவாதத்தில் இந்தச் சிறு ஆய்வுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சிறுதானியங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கேழ்வரகும் கம்பும் சாமையும் குளூட்டன் இல்லாதவை என்பதற்காகவே இப்போது விளம்பரப்படுத்தப்படுகின்றன. அவற்றின் உண்மையான சிறப்பு தவிட்டிலும் நார்ச்சத்திலும் கனிமங்களிலும் இருக்கிறது. பளபளப்புக்காகத் தீட்டிய சாமையும், நைசாக அரைத்து வெல்லம் கூட்டிய கேழ்வரகுக் கஞ்சியும், அந்தச் சிறப்பில் பெரும்பகுதியை இழந்து சர்க்கரையை விரைந்து ஏற்றுகின்றன. முழுமணியாகச் சமைத்துக் காயும் பருப்பும் சேர்த்து உண்ணும்போதே அவற்றின் பயன் கைக்கு வருகிறது.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. ஸ்பெயினில் நலமான பத்துப் பேர் ஒரு மாதம் குளூட்டன் இல்லா உணவு உண்டபோது, நன்மை செய்வதாகக் கருதப்படும் பிஃபிடோ பாக்டீரியா குறைந்தது. டென்மார்க்கில் நடுவயதினர் 60 பேர், நாளுக்கு 2 கிராம் குளூட்டன் கொண்ட உணவையும் 18 கிராம் கொண்ட உணவையும் எட்டெட்டு வாரம் மாறி மாறி உண்டனர். குறைந்த குளூட்டன் காலத்தில் வயிற்று உப்புசம் தணிந்தது, எடை சற்றுக் குறைந்தது, இங்கும் பிஃபிடோ பாக்டீரியா குறைந்தது. 2018-இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், இம்மாற்றங்களுக்குக் குளூட்டனைக் காரணமாக்காமல், கோதுமை, ரை நார்ச்சத்தின் இடத்தில் காய்கறி, பழுப்பு அரிசி, மக்காச்சோளம், ஓட்ஸ் முதலியவற்றின் நார்ச்சத்து வந்ததையே காரணமாகக் கூறினர். பொட்டல உணவுகளுக்கு மாறாமல் முழு உணவுகளுக்கு மாறியவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

உப்புசமும் வயிற்று வலியும் கோதுமையால் வருவதாகச் சொல்வோரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் படும் துன்பம் மெய்யானது. ஓஸ்லோவில் அத்தகைய 59 பேருக்கு, ஒருவாரம் குளூட்டன் வைத்த தின்பண்டமும், ஒருவாரம் ஃப்ரக்டான் வைத்ததும், ஒருவாரம் இரண்டும் இல்லாததும், எது எது என்று சொல்லாமல் கொடுக்கப்பட்டன. ஃப்ரக்டான் என்பது கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள, மனிதக் குடலால் செரிக்க இயலாத ஒருவகைச் சர்க்கரைத் தொடர். உபாதையை அதிகம் தந்தது ஃப்ரக்டானே. குளூட்டன் வாரம் வெறும் பண்ட வாரத்திலிருந்து வேறுபடவில்லை. கோதுமையை நிறுத்தியதும் வயிறு இலேசாகும் பலரின் அனுபவத்தை இது மறுக்கவில்லை. அந்த இலேசும் வளர்சிதை நலமும் ஒன்றல்ல என்பதே இங்கே கருதத்தக்கது. வயிறு தட்டையானதை உணர்ந்த ஒருவர், தம் இன்சுலின் எதிர்ப்பும் தணிந்துவிட்டதாக நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொள்வது கேட்டில் முடியும்.

குளூட்டனை விலக்கிப் பார்க்க விரும்புவோர் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதன் வரிசை மாறக் கூடாது. சீலியாக் நோயைக் கண்டறிய முதலில் செய்யப்படுவது, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை இரத்தத்தில் தேடும் சோதனை. குளூட்டன் உண்ணாத உடலில் அந்த எதிர்ப்புரதம் மெல்ல மறைந்துவிடும் என்பதால், உணவை முதலில் மாற்றிவிட்டுச் சோதனைக்குச் சென்றால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் குறைந்தது ஆறு வாரம் நாள்தோறும் ஒருவேளைக்கு மேல் கோதுமை உணவை மீண்டும் உண்ட பிறகே சோதனை செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. நோயுள்ளவருக்கு அந்த ஆறு வாரமும் துன்பமானவை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும், சீலியாக் நோயாளிகளின் உடன்பிறந்தார், பிள்ளைகளிடமும் இந்நோய் பிறரைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், அவர்கள் இச்சோதனையைத் தள்ளிப்போடுவதற்கில்லை. சோதனையில் நோய் உறுதியானாலும் கண்காணிப்பு தேவைப்படுகிறது: இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 98 பேரில், வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி தொடக்கத்தில் இருவரிடமே இருந்தது, குளூட்டன் இல்லா உணவுக்கு மாறிய ஓராண்டில் 29 பேரிடம் காணப்பட்டது. குணமடைந்த குடல் ஊட்டத்தை நன்கு உறிஞ்சத் தொடங்கியதும் அதற்கு ஒரு காரணம், தட்டில் வந்து சேர்ந்த மாவுச்சத்தும் கொழுப்பும் மற்றொரு காரணம். ஆகவே அந்த நோயாளிகளுக்குக்கூட, எவற்றை உண்ணக் கூடாது என்ற பட்டியலோடு, இடுப்பளவையும் இரத்தச் சர்க்கரையையும் ஆண்டுதோறும் பார்க்கும் ஏற்பாட்டையும் மருத்துவர்கள் சேர்த்தே தரத் தொடங்கியுள்ளனர்.